விலாங்குகள் ஏறிய சுவர்

பம்பு ஆப்பரேட்டரான அவள் மோட்டாரை நிறுத்திய பிறகுதான் தான் செய்ததை நினைத்துப் பார்த்தாள். ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, நல்ல தண்ணீரில் இருந்த அந்தப் பம்பு நிலையத்தை நம்பித்தான் நகரமே தண்ணீர் குடிக்கிறது. கோடையில் காரணமில்லாமல் நிறுத்தினால் வேலை போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். காரணம் இருந்தது. அதை எந்த வாயால் சொல்வது?

உறிஞ்சுகுழாயின் சல்லடையில் நுரை படிந்திருக்கிறது என்று குனிந்தவள், நுரைக்குக் கண் இருப்பதைப் பார்த்தாள். விரல் நீளத்தில் கண்ணாடி உடம்பு, இரண்டு கரும்புள்ளிகள். விலாங்குக் குஞ்சுகள்! நடுக்கடலில் பிறந்து, தாய் தகப்பன் துணையில்லாமல் நல்ல தண்ணீரைத் தேடி வந்தவை, சல்லடையில் அப்பி நசுங்கிக்கொண்டிருந்தன. மோட்டார் நின்றதும் உதிர்ந்து, பக்கத்துத் தடுப்பணையின் சுவரில் ஏறத் தொடங்கின. ஆள் உயரச் சுவர். கையில்லை, காலில்லை. கசிவின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக, ஆயிரமா லட்சமா! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷம் இந்த ஆற்றுக்குத் தான்தான் காவல் என்று நினைத்திருந்ததை எண்ணிச் சிரிப்பும் வந்தது.

ஸ்கூட்டரில் இரண்டு காலி வாளிகளோடு வந்து இறங்கினார் கணவர். சலவைக்கடைக்காரர், கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும்.

"குழாய்ல காத்துதான் வருது! எந்தப் புண்ணியவான் நிறுத்தினான்?"

"புண்ணியவதி. நான்தான்."

"பைத்தியமா உனக்கு? ஆஸ்பத்திரித் துணி அத்தனையும் சோப்போட கிடக்கு. சாயந்தரம் போய்ச் சேரலைன்னா ஆப்பரேஷனே நின்னுடும்."

"தெரியுங்க. நம்ம தெரு மேடு, அதான் முதல்ல நின்னுடுச்சு. இதுங்க ஏறி முடிக்கட்டும், உடனே போட்டுடறேன்."

"எதுங்க?"

அவள் சுவரைக் காட்டினாள். அவர் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரருகே போய்க் குனிந்தார்.

வெயில் ஏறி, சுவரின் மேல்பாதி காய்ந்திருந்தது. காய்ந்த இடத்தைத் தொட்ட குஞ்சுகள் மேலே போக முடியாமல் துடித்து விழுந்தன. விழுந்தவை மறுபடி ஏறின. உள்ளே போன் அடித்தது. அதிகாரி. அவள் ஓடிப்போய் எடுத்தாள்.

"ஆமா சார், நான்தான் நிறுத்தினேன்... இல்ல சார், மோட்டார் நல்லாத்தான் இருக்கு."

மறுமுனை கத்தத் தொடங்கியது. அவள் சன்னல் வழியே பார்த்தாள். தண்ணீருக்காகச் சண்டை போட வந்த மனுஷன், அணையின் மேல் குப்புறப் படுத்து, முழங்கை வரை நனைந்து, ஆற்றில் மொண்ட வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் ஊற்றிய தண்ணீர் கீழே வழிந்தது. அதன் மேலேயே அவை ஏறி வந்துகொண்டிருந்தன.