ஆறு கிழமை

...ஆறு கிழமை என்றுதானே அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னது, ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்தில், கை மேலே போகும் ஐயா, பயப்படாதேங்கோ என்று, சொன்னபடியே போகவும் செய்தது, ஆறாம் கிழமை ஒரு காலை கிணற்றடியில் லியோன் தலைக்குச் சவர்க்காரம் போட்டபோது வலது கை தன்பாட்டில் உச்சிக்குப் போய் வந்தது, நோவில்லை, ஒரு பொட்டு நோவில்லை, அவர் சட்டென்று கையைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது கண்டுவிட்டார்களோ... தன்னுடைய கை சுகமானதற்கு எந்த மனிதன் அப்படிப் பயப்படுவான்? இன்றைக்குப் பத்தாம் கிழமை. இன்றைக்கும் மனைவி மாக்கிறேற்தான் சேட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினாள், நோகுதோ, மெதுவாப் பூட்டட்டோ என்று கேட்டுக் கேட்டு, அவர் பல்லைக் கடித்துக் காட்டினார், அவள் முகம் வாடியது... ஆஸ்பத்திரி வாங்கில் குந்தி, அந்தக் கையை யாரோ தந்துவிட்டுப்போன சாமானைப் போல மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் தம்பி டிலோன். மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தவன் தனக்கும் ஒரு நம்பர் துண்டு எடுத்திருக்கிறான், ஏன் என்று இவர் கேட்கவில்லை, பல்லு நோவாக்கும்.

தோள் பிசகியது பொய்யில்லை. நண்டு வலை இழுக்கும்போது காற்று திரும்பி, வள்ளம் சரிந்து, தோளில் ஏதோ அறுந்தாற்போல் ஒரு நோவு, அடுத்த கணம் தண்ணீருக்குள். காலில் வலை. பதினாலு வயதிலிருந்து போய்வரும் கடல், மண்டைதீவுக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம், ஆனால் உள்ளே மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை... டிலோன் பாய்ந்து தலைமயிரில் பிடித்துத் தூக்கினான். பிறகு நடந்ததைத்தான் நினைக்க ஏலாது. ஐம்பத்தாறு வயது மனிதன் வள்ளத்தின் அடியில் சுருண்டு கிடந்து, கரை வரும்வரைக்கும் அம்மா அம்மா என்று அழுதது. வீட்டில் தோளை மட்டும் சொன்னார். தோளுக்கு மருந்து இருந்தது. வள்ளத்தைக் கண்டாலே பயத்தில் வேறு வழியால் போகிறதை எந்த வாயால் சொல்வது? டொக்டர் தர்சனா முதல்நாள் எல்லாம் கேட்டது, எத்தனை நாளாய் நோவு, கழுத்திலும் இருக்கோ, நித்திரை வருகுதோ, ஒவ்வொன்றுக்கும் தாளில் புள்ளி போட்டு, கடைசியாய், நீங்களே சொல்லுங்கோ ஐயா, எப்ப சுகம் வரும் எண்டு நினைக்கிறியள்? வராது என்று நாக்கில் வந்தது. கெதியா வரும் என்றார். அந்தப் பதிலுக்கும் புள்ளி உண்டாம், எல்லாம் கூட்டித்தான் ஆறு கிழமை என்றது.

இன்றைக்கு இரண்டு பேரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள். கையைத் தூக்கச் சொன்னதும் தோள்மட்டத்தில் நிறுத்தி முனகினார், இப்போது அது பழகிவிட்டது. டொக்டர் பழைய தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தது. “நான்தான் பிழையாக் கணிச்சிட்டன் போல, ஐயா. குறை நினைக்காதேங்கோ. யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தாறன், ஒருக்காப் படம் எடுத்துப் பாப்பம்.” மகள் வயது. இவரிடம் மன்னிப்புக் கேட்கிறது. இல்லைப் பிள்ளை, நீ கணிச்சது சரி... அதைச் சொல்லாமல், நோகிறவர்போலக் கையை மெதுவாய் மடியில் இறக்கினார்.

பிறகு டிலோன் சேட்டைக் கழற்றினான். இடது தோள் வீங்கிச் சிவந்திருந்தது.

“எவ்வளவு காலம்?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“வலை இழுக்க ஆரும் துணைக்கு வருகினமோ?”

“இல்லை டொக்டர். தனியத்தான்.”

அதே மாதிரித் தாள், அதே கேள்விகள், அதே கடைசிக் கேள்வி. டிலோன் நிலத்தைப் பார்த்தான். “அண்ணை எப்ப வள்ளத்தில ஏறுறாரோ, அப்ப சுகம் வரும்.” குத்திக் காட்டுகிற குரலில்லை, மழை எப்போது வரும் என்று சொல்கிற குரல். ஆனால்... இந்தப் பத்துக் கிழமையில் இவன் ஒருநாளாவது தோள் எப்படி என்று கேட்டானா? சாப்பிட்டியளோ அண்ணை, நித்திரை கொண்டனீங்களோ அண்ணை, அவ்வளவுதான், தோளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல்நாளே தெரியும் இவனுக்கு, தோளில்லை, பயம்தான் என்று. தெரிந்துகொண்டு, ஒருவருக்கும் வாய் திறக்காமல், தனியே இழுத்திருக்கிறான். டொக்டர் எழுதிக்கொண்டிருந்தது. இனி இவனோடு வீடுவரைக்கும் போகவேண்டும், என்ன முகத்தை வைத்துக்கொண்டு... மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனால் முகம் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது, ஆறுதலாகத்தான் வந்தது, அப்படி ஆறுதல் வந்ததை நினைக்க இன்னும் கூசியது.