சூட்டில் பிறந்த குளிர்

பெர்னாட் தன் பொறுப்பில் ஓடும் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால், எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவதுகூட அவர் கண்ணில் படாது. ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற செம்பனைத் தோட்டத்தில், ஆலைக் கழிவுக் குளத்திலிருந்து வரும் வாயுவைக் குடித்து ஓடுகிற எஞ்சின் அது. தோட்டத்துக்கே கரண்டு அதிலிருந்துதான். அது ஓடும்போது உண்டாகும் சூட்டில் தண்ணீர் கொதிக்கும். அந்தச் சுடுதண்ணீரில் பாதி ஆலைக்குப் போய்ச் செம்பனைப் பருப்பை உலர்த்தும். மீதி ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் போய்த் தோட்ட மண்டபத்துக்குக் குளிர் அனுப்பும். கரண்டு, சூடு, குளிர், மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பார். சூட்டிலிருந்து குளிர் எப்படி வரும் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அரை மணி நேரத்துக்கு அவரிடமிருந்து தப்ப முடியாது.

இவ்வளவு பெருமை பேசுகிறவர் மகள் கல்யாணத்தில் சும்மா இருப்பாரா? மாப்பிள்ளை ஜாரெட்டின் அப்பா ஃபிரான்சிஸ், சுங்கை சோ ஊர்க்காரர். கோலா குபு பாருவில் ஏர்கோன் மண்டபம் ஒன்றைப் பேசி முடிக்கிற நிலையில் இருந்தார். பெர்னாட் விடவில்லை. "எங்க மண்டபத்துக்கு வாங்க சம்பந்தி. குளிர் தாங்காம சுவெட்டர் கேப்பீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மனைவி பிளோரன்ஸ் அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குப் பார்த்து உங்க மெஷின் மக்கர் பண்ணிச்சுன்னா அபிகெயில் மொகத்துல எப்படிங்க முழிக்கிறது? ஒரே புள்ள லா நமக்கு."

"ரெண்டு வருசத்துல ஒரு நாள் நின்னிருக்கா அது?" என்றார். நின்றதில்லை, அது உண்மைதான்.

கல்யாணம் சனிக்கிழமை. அன்று ஆலைக்கு லீவு. காலையில் எஞ்சினையும் மண்டபத்தையும் பார்த்துவிட்டு, ஜில்லென்ற மனத்தோடு பெர்னாட் தேவாலயத்துக்குப் போனார். பூசை முடிந்து எல்லோரும் பன்னிரண்டரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தபோது உள்ளே புழுங்கியது. சம்பந்தியம்மா முரியல் கல்யாணப் பத்திரிகையை விசிறியாக்கிக்கொண்டார். ஃபிரான்சிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், அவ்வளவுதான். அது போதும், பெர்னாட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எஞ்சின் கொட்டகைக்கு ஓடினார். எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லை. சுகமாகத் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. கரண்டு இழுக்க ஆளில்லை. உழைப்பில்லாத எஞ்சினுக்குச் சூடு ஏறாது, சூடு இல்லாமல் குளிர் பிறக்காது. ஆலை மூடினாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து எழுபது வீடும் இழுக்கிற கரண்டு இருக்குமே என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்த எழுபது வீட்டுக்கு என்ன வந்தது?

லயத்து முனையில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். "நீங்க சர்ச்சுக்குப் போனதுமே எழுபது வீட்டுலயும் மெயின் சுவிட்ச அணைக்கச் சொல்லிட்டேண்ணே. காப்பிகூட விறகுலதான் போட்டோம். முழுக் கரண்டும் உங்க மண்டபத்துக்குத்தான்!"

பெர்னாட் தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய ஜெனரேட்டர் காலத்திலிருந்து இந்தத் தோட்டத்து மரியாதை அது. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் மற்ற வீடுகள் விளக்கை அணைத்துவிடும். இந்து வீடா கிறிஸ்துவ வீடா என்று பார்ப்பதில்லை. போதாததற்கு இரண்டு வருடமாக வீடு வீடாய்ப் போய்க் கரண்டைச் சிக்கனமாகப் புழங்குங்கள் என்று காது புளிக்கச் சொன்னவரும் இதே பெர்னாட்தான்.

"போடச் சொல்லுய்யா! எல்லாத்தையும் போடச் சொல்லு! நீங்க அணைச்சா அங்க குளிர் வராது!"

தங்கராஜுவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த லயத்துச் சனம் முழுவதையும் எழுப்பி வீட்டுக்கு விரட்டினார்.

அரை மணியில் குளிர் வந்தது. சாதாரணக் குளிரா அது! முரியல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஃபிரான்சிஸ் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, "சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க சம்பந்தி" என்று கை குலுக்கினார். பெர்னாட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மண்டபத்தைப் பார்த்தார். சுங்கை சோவிலிருந்து வந்த நாற்பது பேர் நான்கு மேசைகளில் இருந்தார்கள். மற்ற முப்பது மேசையிலும் ஈ காக்கை இல்லை.

தங்கராஜுவுக்குப் போன் போட்டார். "எங்கய்யா ஆளுங்க?"

"வீட்டுல காவல் நிக்கிறோம்ணே. அயர்ன் பாக்ஸு, ரைஸ் குக்கரு, வாட்டர் ஹீட்டரு எல்லாம் ஓடுது. அத அப்படியே விட்டுட்டு எப்படி லா வர்றது? வீடு பத்திக்கிட்டா?"

"சரி, அணைச்சிட்டு வாங்க."

"அணைச்சாக் குளிர் வராதுன்னீங்களே."

பெர்னாட் போனை வைத்தார். திரும்பினால், வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்தபடி அபிகெயில் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, இராஜம்மா ஆன்ட்டி எங்க? விமலா அக்கா எங்க? என்னத் தூக்கி வளத்தவங்க ஒருத்தரையும் காணோம். நான் யார வச்சிக்கிட்டு கேக் வெட்டுறது?" குரல் உடைந்தது. "எனக்குக் குளிர் வேணாம்ப்பா. அவங்க வந்தாப் போதும்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்காகத்தான் இத்தனையும் என்று நினைத்திருந்தார். எஞ்சினுக்காகத்தான் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. மறுபடி கொட்டகைக்குப் போனார். இந்த முறை ஓடவில்லை. எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்துக் கொஞ்சம் நின்றார். பிறகு அழுத்தினார்.

தோட்டம் முழுவதும் கரண்டு போனது. காவல் காக்க ஒன்றும் மிச்சமில்லாததால் எழுபது வீட்டுச் சனமும் வெளியே வந்தது. வந்தவர்கள் நேரே மண்டபத்துக்கு நடந்தார்கள். சன்னல்களைத் திறந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டு பெஞ்சுகள் வந்தன. உள்ளே வெக்கை அடித்தது, கேக்கின் கிரீம் வழிந்தது. அபிகெயில் முகத்தில் பவுடர் கோடு கோடாக ஓட, இராஜம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

ஃபிரான்சிஸ் மறுபடி கோட்டைக் கழற்றினார். "என்ன சம்பந்தி, உங்க எஞ்சின் கெட்டுப்போச்சா?"

பெர்னாட் மகளைப் பார்த்தார். "ஆமா சம்பந்தி, கெட்டுப்போச்சு. அத நம்பவே முடியாது."

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்றாள் பிளோரன்ஸ், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

பெர்னாட் கேக் வெட்டும் கத்தியை எடுத்து மகளிடம் நீட்டினார்.