எடை அறையில் தண்ணீர்

விடியும் முன்பே எங்கள் உடம்பிலிருந்து தண்ணீரைப் பிழிய ஆரம்பித்துவிடுவோம். சட்டைக்குள் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் கம்பளிச் சட்டை மாட்டி, அதற்கும் மேலே மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டிக்கொள்வோம். பிறகுதான் குதிரை ஏறுவது. பந்தயக் குதிரை ஓட்டுவது உட்கார்ந்தபடி போகிற சுகமான வேலை என்று என் சொந்தக்காரர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உட்காரவே கூடாது, ஐயா! முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, சேணத்தில் உடம்பு படாமல் அந்தரத்தில் குந்தியபடி முழுச் சுற்றும் போக வேண்டும். தொடை எரியும். முன்னால் ஓடும் குதிரையின் குளம்பு வாரி இறைக்கிற மணல் பல்லுக்குள் நறநறக்கும். அதைத் துப்பக்கூட வாயில் எச்சில் இருக்காது.

அன்று காலை எனக்கு இணையாக ஓட்டி வந்தவன் என் தங்கச்சியின் கணவன். மாப்பிள்ளை என்றுதான் நான் கூப்பிடுவேன். அதனால் லாயத்தில் இருக்கிற எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். ஓட்டம் முடிந்து இறங்கியதும் குதிரைகளைக் கழுவித் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் வைத்தார்கள். குதிரை மூக்கை உள்ளே விட்டு மடக் மடக்கென்று குடித்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, பந்தய நாளில் அதைக் காது கொடுத்துக் கேட்கவே முடியாது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பி நின்றுகொண்டோம்.

"மச்சான், அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா நான் குதிரையாப் பொறக்கணும்."

"ஏன், ராஜ வாழ்க்கையா?"

"அட, அதுக்கில்ல. அதுக்கு ஒரு டாக்டர் இருக்காரு பாருங்க. தினமும் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, நாக்கை நீட்டச் சொல்றாரு. நம்ம நாக்கை யாரு பார்க்கிறா?"

சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அவன் கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. முந்தைய நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று கேட்காமலே எனக்குத் தெரியும். என் கதையும் அதுதான்.

காரணம் தராசு. ஒவ்வொரு பந்தயத்திலும் ஒவ்வொரு குதிரைக்கும் இவ்வளவு எடைதான் முதுகில் ஏறலாம் என்று பந்தயச் சங்கம் விதித்துவிடும். ஓட்டுகிறவன் சேணத்தோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். முள் கோட்டைத் தாண்டினால் குதிரை வேறொருவன் கைக்குப் போய்விடும். அந்தக் கோட்டுக்கான கணக்கை எந்தக் காலத்தில் எவன் போட்டானோ! மனிதர்கள் வளர்ந்துவிட்டார்கள், கோடு வளரவில்லை.

முதலாளி கைத்தடியை ஆட்டியபடி வந்தார். எங்கள் லாயத்தில் அவரே சொந்தக்காரர், அவரே பயிற்சியாளர். "நம்ம கறுப்புக் குதிரைக்கு இன்னிக்கு ரொம்பக் குறைஞ்ச எடை போட்டிருக்காங்க. ஜெயிக்கிற குதிரை. உன்னால அந்த எடைக்கு வர முடியுமா, இல்ல சிட்டுவை ஏத்தட்டுமா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

சிட்டு எங்களோடு ஓட்டுகிற பெண். பிறவியிலேயே கொத்தமல்லிக் கட்டு மாதிரி உடம்பு. அவள் பெயரைச் சொன்னால் நாங்கள் எதற்கும் தலையாட்டிவிடுவோம் என்று முதலாளிக்குத் தெரியும்.

"வந்துடுவேன் முதலாளி," என்றான் மாப்பிள்ளை.

முதலாளி சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த நீர் மாத்திரைகளை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினார். அதைப் போட்டால் உடம்பிலிருக்கிற தண்ணீரெல்லாம் சிறுநீராக இறங்கிவிடும். சங்கம் தடை செய்த மருந்து. நாங்கள் யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை, சிட்டுவைத் தவிர எல்லோரும் விழுங்கியிருக்கிறோம்.

பிற்பகல் பந்தயத்தில் நான் அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். வளைவில் திரும்பும்போது அவன் விரல்கள் கடிவாளத்தின் மேல் இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "மாப்ள!" என்று கத்தினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. குதிரை இடறவில்லை, யாரும் இடிக்கவில்லை. ஆணியிலிருந்து சட்டை நழுவுகிற மாதிரி சத்தமில்லாமல் விழுந்தான். என் குதிரையை எப்படி ஒதுக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்வையாளர் மேடையில் கத்தல் ஓயவே இல்லை. ஆளில்லாமல் ஓடிய கறுப்புக் குதிரையைக் காட்டிச் சிரித்தார்கள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அது கூடிவிடும் என்றார் மருத்துவர். சிறுநீரகம்தான் பயமுறுத்துகிறது, தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது. எடைக்காக வாயைக் கட்டியவன், இப்போது குடிக்கலாம் என்றால் குடிக்கக் கூடாதாம்! நர்ஸ் பஞ்சை நனைத்து அவன் உதட்டைத் துடைத்தாள். அவன் குழந்தை மாதிரி அந்தப் பஞ்சைச் சப்பினான். என் தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

பரிசோதனையில் மருந்து தெரிந்துவிட்டது. சங்கம் வேகமாக வேலை செய்தது. உரிமம் ரத்து, தடை செய்த மருந்தை உட்கொண்டவருக்கு மருத்துவச் செலவு கிடையாது, மேற்கொண்டு விசாரணை உண்டு. முதலாளி மருத்துவமனைப் பக்கமே தலை காட்டவில்லை.

தங்கச்சி துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகியவள். அன்று என் முகத்தைப் பார்த்த பார்வையில் சிரிப்பே இல்லை.

"அண்ணா, அந்த மாத்திரையை அவர் மட்டும்தான் போட்டாரா?"

"இல்லம்மா."

"நீ?"

"நானும்தான்."

"குடுத்தது யாரு?"

"முதலாளி."

"அப்ப இவர் மட்டும் எப்படிண்ணா குத்தவாளி? கீழ விழுந்ததுதான் குத்தமா?"

அவள் விடவில்லை. "இதை நீங்க எல்லாரும் சேர்ந்து வெளிய சொல்லுவீங்களா, இல்ல பழம் வாங்கிக்கிட்டு வந்து பார்த்துட்டுப் போவீங்களா? பழம் வேணாம். அவருக்குச் சாறுகூட ஆகாதாம்."

அடுத்த பந்தய நாளன்று காலையில் முதலாளி என்னை அழைத்தார். பந்தயம் முடிந்ததும் மாப்பிள்ளை மேல் விசாரணை. மேடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"உன்னைக் கேட்பாங்க. என்ன சொல்லப் போற?"

"பார்த்ததைச் சொல்லுவேன்."

"என்னத்தப் பார்த்த?"

"உங்க சட்டைப் பையைப் பார்த்தேன்."

"அது சத்து மாத்திரைப்பா."

"அப்ப ஒண்ணு நீங்களும் போடுங்க முதலாளி. நானும் போட்டுக்கிறேன். ரெண்டு பேரும் தண்ணியில்லாம வெயில்ல நிப்போம்."

அவர் முகம் சிவந்தது. "வாய் நீளுது உனக்கு. வாயில போட்டது அவன் கை. நான் என்ன அவன் வாயைத் திறந்தா ஊத்தினேன்?"

"ஊத்தல. தராசைக் காட்டினீங்க. சிட்டுவைக் காட்டினீங்க."

"இதோ பாரு," குரலை இறக்கினார். "வெளியில எங்கயோ வாங்கினான், எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. கறுப்புக் குதிரையை இனிமே நீதான் ஓட்டுவ. விளையாட்டுன்னா சுத்தமா இருக்கணும்பா. மருந்து போடறவனை வெளியேத்தினாத்தான் சங்கத்துக்கு மரியாதை."

கறுப்புக் குதிரை! ஒரு கணம் என் மனசு சபலப்பட்டது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு அந்தச் 'சுத்தம்' என்ற சொல் காதில் ஏறியது. இதை யார் வாயிலிருந்து கேட்கிறோம் பார் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

உடை மாற்றும் அறையில் எல்லா லாயத்து ஆட்களையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். வெந்நீர் ஆவியும் வியர்வை நாற்றமும் கலந்து மூச்சு முட்டியது. எங்களில் குண்டன் என்று ஒருவன் உண்டு. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஆனாலும் எங்களில் அவன்தான் கனம், அதனால் அந்தப் பேர். இப்படி ஒரு குண்டனை வேறெந்தத் தொழிலிலும் காட்ட முடியாது. முதலாளி பேசியதையும் தங்கச்சி கேட்டதையும் நான் சொல்ல, அவன் ஒரு டப்பாவில் துப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். எச்சிலும் எடைதானே!

"எல்லாம் சரி. ஆனா மாத்திரை போட்டது தப்பா இல்லையா?" என்றாள் சிட்டு. "நான் அதைத் தொட்டதே இல்ல. என் எடைக்குப் பொருந்தற குதிரையை எல்லாம் நீங்க மருந்து போட்டு மெலிஞ்சு வந்து பறிச்சீங்க. அப்ப யாரும் எனக்காகக் கூட்டம் போடல. இப்ப நான் எதுக்கு உங்களோட நிக்கணும்?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை.

"தப்புதான்," என்றேன். "உனக்குப் பண்ணினதும் தப்புதான். சோதனை வேணாம்னு நான் சொல்லல. தினமும் பண்ணட்டும், இங்கேயே எல்லாரையும் பண்ணட்டும். ஆனா மாத்திரையைத் தடுத்துட்டுத் தராசை அப்படியே விட்டா என்ன ஆகும்? தொண்டையில விரலை விட்டு வாந்தி எடுப்போம். கொதிக்கிற அறையில உட்கார்ந்து சாவோம். விழுந்தவனைத் தண்டிச்சிட்டு, குடுத்தவனை மேடையில உட்கார வைக்கிறது என்ன சுத்தம்? இன்னிக்கு நாம யாரும் குதிரை ஏற வேணாம்."

"ஓட்ட மாட்டோம்னு சொன்னா உரிமம் போயிடும்," என்றான் ஒருவன். "எனக்குக் கைக்குழந்தை இருக்கு."

எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. அப்போது குண்டன் எரிச்சலோடு டப்பாவைத் தூக்கி எறிந்தான். "ஓட்ட மாட்டோம்னு நாம ஏன்டா சொல்லணும்? வயிறு முட்டத் தண்ணியைக் குடிச்சிட்டுத் தராசுல ஏறுவோம். அதுவே சொல்லும்!"

ஓ என்று சிரித்தோம். சிரிப்பு தானாகவே அடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தண்ணீர் குடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. ஒருவன் குடிக்காமல் நின்றால் போதும், எல்லாக் குதிரையும் அவனுக்குக் கிடைக்கும். அந்தப் பயம் மட்டும்தான் குறுக்கே நின்றது. கைக்குழந்தைக்காரன் முதலில் கையை நீட்டினான். அதன் மேல் குண்டன் கை, அதன் மேல் என் கை. சிட்டு கையை நீட்டவில்லை, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

பிற்பகலில் எடை அறைக்குள் இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். எடை பார்க்கும் அதிகாரி, "என்னப்பா இது, கல்யாண வீடா?" என்றார். குண்டன் குடத்தைச் சாய்த்துக் குடிக்க ஆரம்பித்தான். முதல் வாயிலேயே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பந்தய நாளில் தண்ணீர் குடித்து எத்தனை காலம் ஆயிற்று! அடுத்து நான் குடித்தேன். தொண்டையில் இறங்கிய குளிர்ச்சி விரல் நுனி வரைக்கும் தெரிந்தது. பஞ்சைச் சப்பிய மாப்பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது, நிறுத்தாமல் குடித்தேன். ஒவ்வொருவராகத் தராசில் ஏறினோம். முள் கோட்டைத் தாண்டியது.

"எடை அதிகம். இறங்கு. அடுத்தது... எடை அதிகம். இறங்கு." அதிகாரியின் குரல் வரவர மெலிந்தது.

சங்கத் தலைவர் வந்தார், பின்னாலேயே முதலாளி வந்தார். மேடையில் கூட்டம் கால்களைத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா நாடகம்?" என்றார் முதலாளி.

"தாகமுங்க," என்றேன். தலைவரைப் பார்த்துச் சொன்னேன்: "எடைக் கோட்டை ஏத்துங்க. மாத்திரை குடுத்தவங்களையும் விசாரிங்க. விழுந்தவனுக்கு வைத்தியம் பாருங்க. எங்க எல்லாரையும் இப்பவே சோதிச்சுக்கலாம். பழைய மருந்து இருந்தா இருக்கட்டும், எங்கிருந்து வந்ததுன்னும் சேர்த்துச் சொல்றோம்."

"உங்க எல்லார் உரிமத்தையும் ரத்து பண்ண முடியும், தெரியுமில்ல?" என்றார் தலைவர்.

"தெரியும். அப்புறம் குதிரை மட்டும் தனியா ஓடும். போன தடவையும் ஓடிச்சே, ஜனங்க சிரிச்சாங்களே, நீங்களும் பார்த்தீங்கதானே?"

அந்தச் சமயத்தில் கதவருகே சிட்டு வந்து நின்றாள், பந்தயச் சட்டையோடு. முதலாளிக்கு உயிர் வந்தது. "இவ இருக்காளே! இவ ஓட்டுவா கறுப்பை. இவ ஒருத்தி போதும், மத்த லாயத்துக்கு ஆள் தேடிக்கலாம். ஏறும்மா!"

சிட்டு எங்களைப் பார்க்கவில்லை. நேராகக் குடத்தண்டை போனாள். தூக்கிச் சாய்த்தாள். சட்டை நனைய நனையக் குடித்தாள். இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள். பிறகு சேணத்தோடு தராசில் ஏறினாள். முள் நடுங்கிக் கோட்டுக்குக் கீழேயே நின்றது. அவ்வளவு தண்ணீர் குடித்தும் அவள் உடம்பு அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எடை குறைவு. குறையறதுக்கு ஈயத் தகடு வெச்சுக்கிட்டு ஓட்டலாம்," என்றார் அதிகாரி. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் யோக்கியதை கிடையாது.

சிட்டு தராசிலிருந்து இறங்கினாள். அதிகாரி நீட்டிய தகட்டை வாங்கவில்லை. சேணத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வரிசையில் குண்டனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னும் தாகம் அடங்கலைங்க," என்றாள் முதலாளியிடம். "இன்னொரு குடம் கொண்டு வரச் சொல்லுங்க."