கூடுதலாக நான்கு ஆம்பியர்

1

இந்தக் கதை ஓர் ஈர வேட்டியிலிருந்து வந்தது. குற்றாலச் சாரலில், விடுதியறைக் கொடியில் போட்ட என் வேட்டி காய்வதாகவே இல்லை. அந்தக் கடுப்பில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘மலைமேல் மேகம் தவழ்ந்து...’

வேண்டாம். மேகத்தைப் பாட ஆள் உண்டு. எனக்கு, கணக்குப் போடுகிற ஒருத்தி வேண்டும்.

2

முத்துவடிவு. தென்காசிக்காரி, கல்லூரியில் பௌதிகம் படிப்பவள். 1938, ஆனி மாதம். நாளை அவளுக்குக் கல்யாணம். இன்று சாயங்காலம் குற்றாலத்து பங்களாவில் மாப்பிள்ளை அழைப்பு. காஸ் லைட் வேண்டாம், டைனமோ வைத்து மின்விளக்குப் போடலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான்.

மாப்பிள்ளையின் அப்பா, கடையம் நமசிவாயம் பிள்ளை, கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்:

“பொம்பளைப் பிள்ளை போட்ட கணக்குல வெளக்கு எம்புட்டு நேரம் எரியும்? பந்தி முடியுற மட்டும் எரியட்டும், கல்யாணத்துக்குப் பொறவும் இவ படிக்கட்டும். அணைஞ்சா படிப்பை விட்டுரணும்.”

“சரி மாமா” என்றாள்.

(இவருக்கு முதலில் முறுக்கு மீசை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். சொன்ன சொல் மாறாத மனிதர். அது எனக்குப் பின்னால் தேவைப்படும்.)

3

விளக்குகள் பதினொன்று, ஒவ்வொன்றும் அறுபது வாட். மொத்தம் 660. டைனமோ தருவது 110 வோல்ட். வகுத்தால் ஆறு ஆம்பியர். பியூஸ் பத்து தாங்கும். [வாசகரே, தாண்டிப் போகாதீர்கள். அவள் படிப்பு இந்த வகுத்தலில்தான் தொங்குகிறது.]

பந்தி தொடங்கியதும் டைனமோ பார்க்கும் உச்சிமாகாளி ஓடி வந்தார்.

“எம்மா, ஆம்பியர் முள்ளு பத்துல நிக்குது. இன்னும் ஏறுனா பியூஸ் போயிரும். கணக்கு எங்கனயும் பிசகிட்டா?”

“வோல்ட்டு எம்புட்டு?”

“நூத்திப்பத்துதான்.”

இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்கு அழுகை வரவில்லை, நான் என்ன செய்ய?

“என் கணக்கு சரிதான் அண்ணாச்சி. வேற என்னமோ நாலு ஆம்பியர் இழுக்குது. நூத்திப்பத்த நாலால வகுத்தா இருபத்தேழரை ஓம். வெளக்குன்னா ஒண்ணுக்கு இருநூறு ஓம் இருக்கும். இது நானூத்தி நாப்பது வாட்டுல சூடு பண்ணுத சாமான். இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு.”

இதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். நான் படைத்த பெண். எனக்குப் பெருமையாக இருக்காதா?

4

முடிவு ஒன்று: அவள் வீடெங்கும் தேடி, எல்லார் முன்னாலும் ஆளைப் பிடிக்கிறாள். [சம்பந்தியைச் சந்தி சிரிக்க வைப்பதா? வேண்டாம்.]

முடிவு இரண்டு: பேசாமல் தன் விளக்குகளில் பாதியை அவளே அணைத்து... [இதைச் சொன்னால் முத்துவடிவு என்னோடு பேசமாட்டாள்.]

நான் விழித்துக்கொண்டிருந்தபோதே மாடியிலிருந்து நமசிவாயம் பிள்ளை இறங்கி வந்தார். காலையில் எல்லாரும் அருவியில் குளித்தவர்கள். சாரலில் எதுவும் காயாமல், கூடம் முழுக்க ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையின் வேட்டி மட்டும் மொடமொடவென்று, கத்தி மாதிரி மடிப்போடு நின்றது. கொழும்பிலிருந்து வாங்கிவந்த மின்சார இஸ்திரிப் பெட்டியை அவர் இப்போதுதான் மாடியறையில் அணைத்திருந்தார்.

முற்றத்திலிருந்து உச்சிமாகாளியின் குரல்: “எம்மா, முள்ளு ஆறுக்கு வந்துட்டு.”

“அது என்னம்மா ஆறு?” என்று கேட்டார் பிள்ளை.

முத்துவடிவு அந்த மடிப்பைப் பார்த்தாள். மேலேயிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

அவள் வாயைத் திறக்கிறாள். என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். விளக்குகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை பந்தி முடியும்வரை எரிந்தன.