தம்பியிடம் மிச்சமிருந்த சிறுநீரகம்

கரடியனாற்று வயல்வட்டையில் வரம்பேறிய உழவு இயந்திரம் சரிந்து, தனோஜனின் வயிற்றை அமுக்கிவிட்டது. அக்கா கஜானி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது அவனை ஸ்கான் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"என்ன ஊசி போடப் போறீங்க?" என்று டொக்டர் பஹீமாவை மறித்தாள்.

"உள்ளுக்கு எங்க இரத்தம் போகுதெண்டு பார்க்க மருந்து ஏத்தணும்."

"ஏத்த விடமாட்டன்! அவனுக்கு ஒரு கிட்னிதான் இரிக்கு. மற்றது என்னட்ட."

தம்பி சிறுநீரகம் தந்த நாளிலிருந்து, ஸ்கானுக்கு ஏற்றும் அந்த மருந்தின் பேச்சு வந்தாலே அவளுக்கு நெஞ்சு இடிக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், கவனம் என்று கிளினிக்கில் படித்துப்படித்துச் சொல்லியிருந்தார்கள். தன்னிடம் இருப்பதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவள், அவனிடம் இருப்பதைக் கோட்டைவிடுவாளா?

"சொன்னது நல்லம்," என்றார் பஹீமா. "ஆபத்தே இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா நல்லா வேலை செய்ற கிட்னியெண்டா, ஒண்டே அந்த மருந்தை வெளியில தள்ளிரும். இரத்தம் போய்ப் பிறசர் விழுந்தாத்தான் அதுக்குப் பெரிய அழிவு. அந்தக் கிட்னியே கிழிஞ்சிருந்தா? மருந்து ஏத்தாட்டி அதையும் வடிவாப் பார்க்கேலாது."

கஜானி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

தனோஜன் கண்ணைத் திறந்தான். "வழிய விடுங்கக்கா. ஒண்டோட இவ்வளவு காலம் நெல்லுமூட்டை தூக்கினவன். இதுக்கா சாவன்?"

அவள் விலகினாள். "ஏத்துங்க டொக்டர். ஏத்தின மறுகா கிட்னிய நீங்கதான் பார்த்துக்கொள்ளணும்."

"பார்ப்பம். நீங்களும் பாருங்க."

மண்ணீரல்தான் கிழிந்திருந்தது. சிறுநீரகத்தில் கீறல்கூட இல்லை. இடம் துல்லியமாகத் தெரிந்ததால் சத்திரசிகிச்சை தடங்கலின்றி முடிந்தது.

மறுநாள் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. சிறுநீரகம் களைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். கஜானி அழவில்லை. சேலைன் சொட்டுவதையும் கட்டிலடியில் தொங்கிய சிறுநீர்ப் பையையும் மாறிமாறிப் பார்த்தபடி இருந்தாள். நோவுக்கு மருந்து கொண்டுவந்த தாதியையும் விடவில்லை.

"இது கிட்னிக்குக் கூடாத மருந்தோ?"

"கூடாததையெல்லாம் டொக்டர் முதலே வெட்டிட்டா," என்று தாதி சிரித்தாள்.

அடுத்த பரிசோதனையில் ஏறுவது நின்றிருந்தது. அதற்கடுத்ததில் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. பஹீமா வந்து சொன்னபோது, கஜானி வார்ட்டே கேட்கக் கத்தினாள்:

"டேய், உன்ட கிட்னி வெண்டுட்டுடா!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். தனோஜனும் சிரித்து, தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.