தவறிய நாலாவது துடிப்பு

விலங்கியல் கூடத்தில் அமலராணி, மயங்கிக் கிடந்த தவளையின் இதயத்தில் ஒரு நூலைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் மாணவர்களுக்குக் காட்டவேண்டிய சோதனை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் அவள் வேலைக்குச் சேர்ந்த 1963ஆம் வருஷம் அது. அட்டெண்டர் பெரியகருப்பன் தவளையைக் கிடத்தியிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

இதயத்தின் மேலறை துடித்ததும் சேதி கீழறைக்குப் போகும், அதுவும் துடிக்கும். நூல் இறுகியதும் சேதி பிந்தத் தொடங்கியது. முதல் தடவை சற்று, அடுத்த தடவை இன்னும் சற்று. நாலாவது சேதி போய்ச் சேரவே இல்லை. கீழறை சும்மா கிடந்தது. பிறகு மறுபடியும் மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி.

"அண்ணே, பாத்தீங்களா? எம்புட்டு ஒழுங்காத் தவறுது!" என்றாள் அமலராணி.

பலகை சரிந்தது. பெரியகருப்பன் வெளிறிப்போய் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணக் கட்டுது டீச்சரம்மா. நாலு நாளா இப்படித்தேன். செத்த நேரத்துல சரியாயிரும்."

அவள் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. மீண்டும் மூன்று. நம்பாமல் மறு கையைப் பிடித்தாள். அங்கேயும் அதேதான். மேஜைமேல் தவளையின் இதயம் அதே கணக்கில் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே சாப்டீங்க?"

"கால் வீக்கத்துக்கு ஒருத்தரு பொடி குடுத்தாரு. வீட்டுல தேன்ல கொழச்சுத் தாரா. அரளி வேராம்."

"அரளியா?" அவள் குரல் வராந்தா வரை கேட்டது. "யாராச்சும் குதிரை வண்டி கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வேளை சாப்பிட்டிருந்தா இதயம் நின்னிருக்கும்" என்றார். அகரம் கிராமத்திலிருந்து மூச்சிரைக்க வந்த பெரியகருப்பனின் மனைவி சிவனம்மாள் காதில் அது விழுந்தது. அவள் அழவில்லை. தன் உள்ளங்கையை விரித்து வெறித்துப் பார்த்தாள்.

"வீக்கம் வெரசா வத்தட்டும்னு காலைல ஒரு உருண்டை கூடக் குடுத்தேனே, டீச்சரம்மா…"

அமலராணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதாம் நாள் நாடி சீரானது. பெரியகருப்பன் பிழைத்து வேலைக்கும் திரும்பினார். ஆனால் அதற்குப் பிறகு சிவனம்மாள் எந்த மருந்தையும் தன் கையால் எடுத்து அவருக்குக் கொடுக்கவில்லை.