அரைவட்டத்துக்கும் ஒரு சீலை

யன்னலுக்குச் சீலை போடுவதெல்லாம் ஒரு பெரிய காரியமா என்று கேட்கிறவர்கள், சண்டை முடிந்த வருஷம் கல்லடியில் கேதீஸ்வரியின் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். மகள் அஜந்தாவுக்குக் கல்யாணமான கையோடு, தாயும் மகளும் அந்த ஒரு யன்னலுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

வீடு இப்போது அஜந்தாவுடையது. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் பின்னறைக்கு ஒதுங்குவது அங்கே யாரும் கேள்வி கேட்காத வழக்கம். கேதீஸ்வரியும் மனநிறைவோடுதான் எழுதிக் கொடுத்தாள். கிழக்கே பார்த்த முன்னறை யன்னலை மட்டும் மனசுக்குள் தன் பெயரிலேயே வைத்திருந்தாள்.

ஆள் உயர யன்னல் அது. மேலே வளைந்து அரைவட்டமாக முடியும். அந்த அரைவட்டம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. வெயில் ஏறினால் நிறமெல்லாம் இறங்கிவந்து தரையில் கிடக்கும். அவளுடைய புருஷன் நல்லரத்தினம் சரியாக அந்த இடத்தில் பாய் போட்டு உட்கார்ந்துதான் தேத்தண்ணி குடிப்பார். இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாறம் சிவந்து போகும். "இஞ்ச பாருகா, திருவிழாவுக்கு வெளிக்கிட்ட மாதிரி இரிக்கா?" என்பார். தினமும் அதே பகிடிதான், தினமும் அவளுக்குச் சிரிப்பு வரும். சண்டைக் காலத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஊரே கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியபோதும் மனிசன் அரைவட்டத்தைத் தொட விடவில்லை. "விளக்க நூத்துப்போட்டுப் படுப்பம்" என்று சொல்லிவிட்டார்.

சுனாமி அவரைக் கடற்கரையில் வைத்துக் கொண்டுபோனது. கேதீஸ்வரியையும் அது விடவில்லை. நினைவு திரும்பியபோது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் அவரை அடக்கமும் செய்துவிட்டார்கள். செத்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அதனால் அவளுக்கு நல்லரத்தினம் இன்னமும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் தேத்தண்ணி குடிக்கிற மனிசன்தான். அதையும் மறைத்துவிட்டால் மனிசனே போய்விடுவார் என்று உண்மையாகவே பயந்தாள்.

அஜந்தாவோ பிடித்த பிடியை விடவில்லை. "இவருக்கு ஐஸ் கொம்பனியில ராவுல வேல அம்மா. பகல்ல நித்திர கொள்ள வேணாமா? யன்னல் முழுக்க வெளிச்சம் விடாத சீலை போடணும்."

மருமகன் உதயரூபனிடமே நேரே கேட்டுவிடலாமே என்றால், அதுதான் நடக்காது. மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் நின்று கதைப்பது அந்த வீட்டில் மரியாதையில்லை. சோறு போதுமா என்பதையே அவள் சுவரைப் பார்த்துத்தான் கேட்பாள். அவன் முற்றத்துக் கோழியைப் பார்த்துப் பதில் சொல்வான்.

காத்தான்குடியிலிருந்து தையல்காரி றஸீனா துணிகளோடு வந்தாள். அஜந்தா ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்து, பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். விரல் நிழல் தெரிந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, காப்பிக்கொட்டை நிறத்தில் கனத்த இரட்டைத் துணி ஒன்றை எடுத்தாள். றஸீனா பழைய பத்திரிகைத் தாளை வளைவில் வைத்து அழுத்தி, விளிம்போடு வெட்டி அளவெடுத்தாள். கேதீஸ்வரி வாசல் படலைவரை அவள் பின்னால் போனாள்.

"வளைவ விட்டுப்போட்டுக் கீழுக்கு மட்டும் தைங்க புள்ள. மகள் கேட்டா நான் பாத்துக்கிறன்."

றஸீனா சீலையைக் கொண்டுவந்து கம்பியில் ஏற்றினாள். கீழே நல்ல இருட்டு. மேலே அரைவட்டம் ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அஜந்தா அண்ணாந்து பார்த்தாள்.

"மேலுக்கு எங்க?"

"மேலுக்கு என்னத்துக்கு? மருமகனுக்கு நித்திர கொள்ள இது காணும்தானே" என்றாள் கேதீஸ்வரி.

அடுப்படி வாசலில் நின்ற உதயரூபனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. றஸீனாவின் பக்கம் திரும்பினான். "றஸீனாக்கா, மாமிட்டச் சொல்லுங்க. நான் உச்சி வெயில்ல வள்ளத்துலயும் நித்திர கொள்ளுவன். சீலை எனக்கில்ல."

"நீங்க சும்மா இரிங்க" என்று அஜந்தா அவன்மேல் பாய்ந்தாள். அடுத்த நொடியே குரல் உடைந்துவிட்டது. "அப்பாவ அடுத்த நாள் காலையில கொண்டுவந்து அந்த இடத்துலதான் கிடத்தினாங்க. முகமெல்லாம் சிவப்பும் பச்சையுமா வெளிச்சம் விழுந்து கிடந்த. நான் தனியம்மா. ஏறி நிண்டு அந்தக் கண்ணாடிய மறைக்கப் பாத்தன், எட்டல்ல."

"ஏன் மகள் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீங்க அந்த வெளிச்சத்தப் பாத்துச் சிரிக்கீங்க. எப்பிடிம்மா சொல்ற?"

றஸீனா குனிந்து ஊசிகளைப் பொறுக்கினாள். கேதீஸ்வரி தரையில் கிடந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போதும் போதும் என்னும்வரை பார்த்தாள். பிறகு, "மேலுக்கும் தச்சுக்கொண்டு வாங்க புள்ள" என்றாள்.

மறுநாள் றஸீனா பிரம்பை வளைத்து, அதில் சீலையை இழுத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். உதயரூபன் ஏணியில் ஏறினான். "நல்லா அழுத்தி அடிங்க தம்பி, ஓரத்தால வெளிச்சம் கசியுது" என்று, சுவரைப் பார்க்காமல் அவனையே பார்த்துச் சொன்னாள் மாமி. ஆணி இறங்க இறங்கப் பச்சை போனது, சிவப்பும் போனது.

அறை இருட்டிவிட்டது. கேதீஸ்வரி அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இனிச் சொல்லு மகள். அப்பாட முகம் எப்பிடி இருந்த?"

அஜந்தா தாயின் மடியில் தலையை வைத்தாள்.

"காயம் ஒண்டும் இல்லம்மா" என்று தொடங்கினாள்.